பெயர் போடாத கட்டுரை

“மிக அருமையான ஆய்வு. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். அப்படியே அச்சிடலாம்” என்று தட்டச்சு செய்துவிட்டு மார்னி வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுப்பில் பான்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் டர்க் எட்டிப் பார்த்தான். “காலங்காத்தால என்ன இவ்வளவு சந்தோஷம்? யாரைப் பாராட்டுறே?”

“என் ஜென்ம விரோதியை!”

டர்க்குக்கு விளங்கிவிட்டது. ஆர்லன் ஸ்ட்ரவுட் என்ற பேரைச் சொன்னாலே அந்த வீட்டில் பால் திரிந்துவிடும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு மாநாட்டில், பிறந்த வேகத்தில் உடைந்துபோகும் ஓர் அணுக்கருவைப் பற்றி மார்னி பேசினாள். அது உருண்டை இல்லை, முட்டை வடிவம் என்பது அவள் போட்ட கணக்கு. முன்வரிசையிலிருந்து பேராசிரியர் ஸ்ட்ரவுட் எழுந்தார்.

“முட்டையா? ஏம்மா, காலையில சாப்பிடாம வந்துட்டியா?”

அரங்கமே சிரித்தது. கைக்கு எட்டியிருந்த வேலையும் போயிற்று. பிற்பாடு சோதனைக்கூடத்தில் அளந்து பார்த்து, முட்டைதான் என்று சொன்னார்கள். கிழவர் ஒரு வார்த்தை, ‘தப்புதாம்மா’ என்று சொன்னாரா? ம்ஹூம்!

இப்போது ஓர் ஆய்வு இதழ், அச்சுக்குத் தகுதியா என்று பார்த்துச் சொல்லும்படி ஒரு கட்டுரையை மார்னிக்கு அனுப்பியிருந்தது. அதே மாதிரி இன்னொரு அணுக்கரு. அதை உருண்டை என்றே வைத்துக்கொண்டு அதன் அளவைக் கணக்கிட்டிருந்தார்கள். அஸ்திவாரமே கோணல் என்றால் மேலே கட்டியது எப்படி நிற்கும்?

“தப்புன்னா தப்புன்னு எழுத வேண்டியதுதானே?” என்றான் டர்க்.

“எழுதினா திருத்திக்குவாரு. அச்சுல வரட்டும். அன்னிக்கு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கல்ல, இப்ப அவரைப் பார்த்து ஊரே சிரிக்கட்டும்.”

“ரெண்டு பேருக்கு அனுப்புவாங்கன்னு சொல்வியே. இன்னொருத்தர் கண்டுபிடிச்சிட்டா?”

“என்னை விட்டா இதைக் கண்டுபிடிக்க ஆள் கிடையாது.”

“சரி, பேரே போடலையே. அவருதான்னு எப்படிச் சொல்றே?”

அது அந்த இதழின் சட்டம். எழுதியவர் யார் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பார்ப்பவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாது. கட்டுரை வந்திருப்பதைப் பற்றியே வெளியில் மூச்சு விடக் கூடாது.

“எல்லாம் அவரோட சூத்திரம். அவரைத் தவிர வேற யாரு இன்னும் உருண்டையைக் கட்டிக்கிட்டு அழுவாங்க?”

‘எங்கள் கணக்கில் பிழையிருந்தால் சுட்டிக்காட்ட வேண்டுகிறோம்’ என்ற கடைசி வரி மட்டும் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தியது. வயதானால் பணிவு வரும் போலிருக்கிறது என்று அதைத் தள்ளிவிட்டாள்.

வசந்தத்தில் ஸ்ட்ரவுட்டுக்குப் பணி ஓய்வு விருந்து நடந்தது. கட்டுரை இன்னும் அச்சில் வரவில்லை. வரும்வரை அவள் வாயைக் கட்டியிருக்கலாம். ஆனால் கிழவர் மறுநாளே ஃப்ளோரிடாவுக்குக் குடிபோகிறார். முகத்துக்கு நேரே கேட்க இன்னொரு நாள் கிடைக்குமா? ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

கேக் வெட்டியதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் எதிரே நின்றாள்.

“என்ன ப்ரொபசர், உங்க கடைசி பேப்பர்லகூட அணுக்கருவை உருட்டித்தான் வெச்சிருக்கீங்க? நீங்களும் சாப்பிடாம எழுதிட்டீங்களா?”

கூடமே திரும்பிப் பார்த்தது. மார்னிக்கு உடம்பெல்லாம் இனித்தது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்!

“என் பேப்பரா? நான் பேப்பர் எழுதியே அஞ்சு வருஷமாச்சேம்மா.”

“மழுப்பாதீங்க. உங்க சூத்திரத்தை வெச்சு எழுதி, குளிர்காலத்துல இதழுக்கு அனுப்பினீங்களே!”

கிழவர் நெற்றியைச் சுருக்கினார். “ஓ, அதுவா? அது எனக்கும் பார்க்கத்தான் வந்துச்சு. யாரோ சின்னப் பிள்ளை, முதல் பேப்பர் போல. உருண்டை இல்லப்பா, முட்டைன்னு வெச்சுக் கணக்குப் போடுன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டேன். கூடப் பார்த்த இன்னொரு ஆளு, அப்படியே அச்சுல போடுங்கன்னு எழுதியிருந்துச்சாம். எந்த மடச்சாம்பிராணி அதுன்னு நானும் அன்னிலேருந்து யோசிக்கிறேன்...”

சட்டென்று பேச்சை நிறுத்தி, மார்னியை மேலும் கீழும் பார்த்தார்.

“அட, அது நீதானாம்மா?”