பட்டனை அழுத்தாதீங்க

புனே மருத்துவமனையின் ஸ்கேன் குழாய்க்குள் மனச்சிதைவு நோயாளி கிறிஸ்டோபர் பட்டனும் கையுமாகப் படுத்திருந்தார். ஹெட்ஃபோனில் ஒரு தமிழ்க் குரல் பொறுமையாக விளக்கியது.

"யாரோ பேசுற மாதிரி கேட்டா பட்டனை அழுத்தணும். அப்ப மூளையில எந்த இடம் துடிக்குதுன்னு படத்துல தெரியும். நாளைக்கு அந்த இடத்துல காந்தம் வெச்சு அடக்கிடுவாங்க. நான் பேசுறதுக்கு அழுத்தாதீங்கண்ணே."

அவர் ஒருமுறைகூட அழுத்தவில்லை.

வெளியே மனைவி சகாயமேரி காத்திருந்தாள். "உங்களைத் திட்டுற குரல் வரவேயில்லையா? இடம் தெரியாம காந்தம் வைக்க முடியாதாம். வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாங்க."

"வரல மேரி. தமிழ்க்காரத் தம்பி ஒருத்தர்தான் ஹெட்ஃபோன்ல பேசிட்டே இருந்தாரு."

"தமிழா? இங்க எல்லாரும் மராட்டிக்காரங்க. அது ஹெட்ஃபோனும் இல்ல, மெஷின் சத்தத்தை அடைக்கிற வெறும் காதுமூடி."

கிறிஸ்டோபர் காதைத் தொட்டுப் பார்த்தார். எதுவும் இல்லை.

"வீட்டுக்குப் போலாம்ண்ணே," என்றது குரல்.