இடது கைத் தாளம்

"வீட்டுல பயிற்சி செய்யறீங்களா?" என்று கேட்டார் பேச்சுப் பயிற்சியாளர்.

"தினமும் செய்யறோம் மேடம்," என்றாள் மனைவி.

சக்கர நாற்காலியில் இருந்த கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கார் விபத்தில் தலையில் அடிபட்டதிலிருந்து அவனுக்குப் பேச்சில்லை.

"செஞ்சிருந்தா இந்நேரம் ஒரு வார்த்தையாவது வந்திருக்கும். அவர் பேசணும்னு உங்களுக்கு ஆசையே இல்லையா?"

அவள் அழுதாள்.

"சரி சரி, அழாதீங்கம்மா. பேச்சு போனாலும் பாட்டு போகாது. மெட்டைப் பிடிச்சுக்கிட்டே பேச்சு வந்துடும். வீட்டுல என்ன பாடுவார்?"

"அவருக்குப் பாட்டே வராது மேடம்."

அந்த நேரம் பார்த்து அவன் முனகினான். மெட்டு தெளிவாகவே இருந்தது.

"தாலாட்டு மாதிரி இருக்கே! இது போதும். எனக்குக் கழுதைக் குரல், பொறுத்துக்குங்க சார்." பயிற்சியாளர் அவனுடைய இடது கையைத் தட்டியபடி அதே மெட்டில் பாடினார். "தண்ணி... வேணும்..."

அவன் உதடுகள் நடுங்கின. கழுத்து நரம்பு புடைத்தது.

"பாப்பா... எங்க...?"

"பேசிட்டார்!" பயிற்சியாளர் துள்ளி எழுந்தார். "பதில் சொல்லுங்கம்மா! அதே மெட்டுல, கையைத் தட்டிக்கிட்டே சொல்லுங்க!"

அந்தக் காரில்தான் குழந்தையும் இருந்தாள். அவன் கண் விழிப்பதற்கு முன்பே குழந்தையைப் புதைத்துவிட்டார்கள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் மனைவி வீட்டில் ஒருநாளும் அவனுக்குப் பயிற்சி கொடுக்கவில்லை.

இப்போது அவள் அந்த இடது கையை எடுத்து மெதுவாகத் தட்டினாள்.

"தூங்குறா... பாப்பா... தூங்குறா..." என்று பாடினாள்.