மூன்று மணி பிரேக்பாயிண்ட்

"மறுபடியும் நின்னுடுச்சு சார்" என்றான் ஆர்வின்.

மணி மூன்று. செபூ துறைமுகத்துக் கப்பல்களுக்கு டிக்கெட் போடும் மென்பொருளை எழுதுகிற அலுவலகம் அது. பன்னிரண்டு பேருக்கும் பொதுவாக ஒரே சோதனை சர்வர். அது நின்றால் பன்னிரண்டு திரையும் நிற்கும்.

குழுத் தலைவன் ரமில் அறையைவிட்டு வெளியே வந்தான். நிறுத்தியவர் பெயர் சர்வரிலேயே தெரியும்.

"டென்சியோ அண்ணே, இன்னைக்கும் நீங்கதானா?"

"மறந்துட்டேன் சார்" என்றார் டென்சியோ. ஐம்பத்தெட்டு வயது. அங்கே அவர்தான் மூத்தவர்.

தப்பு தேடுகிறவர்கள் சந்தேகப்படும் வரியில் பிரேக்பாயிண்ட் வைப்பார்கள். ஓடிவரும் நிரல் அந்த வரியில் நின்றுவிடும். பார்த்து முடித்ததும் ஓடவிட வேண்டும். பொதுச் சர்வரில் அதை வைத்துவிட்டு மறப்பது, ஒற்றைப் பாலத்தில் லாரியை நிறுத்திவிட்டுச் சாவியோடு டீ குடிக்கப் போவதற்குச் சமம்.

"காலையில இருபது வைக்கிறீங்க, ஒண்ணுகூட மறக்கல" என்றான் ஆர்வின். "மத்தியானச் சோறு உள்ள போனதும் மூளை மூடிக்குதாண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். டென்சியோ காப்பியை உறிஞ்சினார்.

பக்கத்து இருக்கை ஜெனலின் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வீட்டில் நாலு மாதக் குழந்தை. சாமான் அறைக்குள் போய் அதற்குத் தாய்ப்பால் பிழிந்து எடுத்து வைத்துவிட்டு வர வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து வந்த அன்றே ரமிலிடம் இதற்காக இருபது நிமிடம் கேட்டிருந்தாள்.

"நாற்காலி காலியா இருந்தா, வெளிநாட்டு முதலாளி கம்ப்யூட்டர்ல வச்சிருக்கிற கண்காணிப்பு காட்டிக்கொடுத்துடும்மா. சர்வர் நிக்கிறப்போ போய்க்கோ. அது உன் கணக்குல வராது" என்று சொல்லிவிட்டான்.

போகிற போக்கில் அவளும் ஒரு வார்த்தை விட்டாள். "உங்க மறதியால என் வேலைதாண்ணே தள்ளிப்போகுது."

"மன்னிச்சுக்கோம்மா."

இருபது நிமிடம் கழித்து அவள் வந்து உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் திரைகள் ஓடின.

"நான் வந்தாத்தான் இதுக்கு உயிர் வருது" என்றாள் ஆர்வினிடம்.

வெள்ளிக்கிழமை ரமில் ஒரு கடிதம் கொண்டுவந்தான். இந்த மாதத்தோடு டென்சியோவின் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று மேலிடத்துக்குக் கடிதம்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் மேல ஒத்துக்குவாங்க."

ஆர்வினே தயங்கினான். "கேலி பண்றது வேற சார். ஓய்வுக்கு இன்னும் ரெண்டே வருஷம்தான் இருக்கு அவருக்கு."

"பாவம் பார்த்தா வேலை நடக்குமா?" என்று ஜெனலின் பேனாவை வாங்கினாள். முதல் கையெழுத்து அவளுடையது.

மாதக் கடைசியில் டென்சியோவைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார்கள். அவர் கடிதத்தைவிடக் கையெழுத்துகளைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

"ஏதாவது சொல்லணுமாண்ணே?" என்றான் ரமில்.

"மறதிக்காரன் என்ன சார் சொல்றது?"

காப்பிக் கோப்பையை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை அவருடைய கம்ப்யூட்டரும் அவருடைய பொறுப்பும் ஜெனலினுக்கு வந்தன. பதவி உயர்வு மாதிரிதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ரமில் வந்தான்.

"முதல் காரியமா, அந்த மனுஷன் வச்சிருக்கிற பிரேக்பாயிண்டை எல்லாம் பார்த்து அழிச்சுடு. இனிமே சர்வர் நிக்கக் கூடாது."

ஜெனலின் பட்டியலைத் திறந்தாள். நூற்றுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் வேலை முடிந்ததும் முறையாக அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒன்று மட்டும் அணைக்கப்படவில்லை. நிரல் எப்போது நிற்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை எழுதியிருந்தது.

மணி மூன்று ஆகியிருக்க வேண்டும். ஜெனலின் வேலைக்கு வந்திருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் மட்டும் நில்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"என்னம்மா அது, அப்படிப் பார்க்கிறே?" என்றான் ரமில் எதிர்ப்பக்கத்திலிருந்து.

"ஒண்ணுமில்ல சார். வயசானவர்ல்ல, மறதிதான்."

அழித்தாள்.

அப்போது மணி இரண்டே முக்கால். அவளுக்குப் பால் கட்டத் தொடங்கியிருந்தது.