சொன்ன நேரத்துக்கு

ஹால்வாரின் கால் புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்ஸ் சிக்ரூன், இப்போதெல்லாம் சொன்ன நேரத்துக்கு டாண் என்று வந்துவிடுகிறாள். கட்டு முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"காபி போட்டிருக்கேன்மா. வாஃபிளும் சூடா இருக்கு."

"உட்கார முடியாதுங்க. முன்னெல்லாம் வீட்டுக்கு வீடு காபி குடிச்சுதான் லேட்டாச்சு. இப்போ நேரத்தை வெச்சுதான் எங்களுக்கு மார்க்கே!"

"அப்படியா?"

"நோயாளிங்களையே கூப்பிட்டு, எங்க வேலையில எதை அளக்கலாம்னு நகராட்சியில கூட்டம் போட்டுக் கேட்டாங்களாம். 'நர்ஸ் எப்போ வருவாங்கன்னு ஜன்னலோரமே காத்துக் கிடக்கிறேன், முதல்ல அதை அளங்க'ன்னு ஒருத்தர் சொல்லிட்டாராம்."

"யாருன்னு சொன்னாங்களா?"

"பேரைச் சொல்லலை. யாரோ புண்ணியவான்!"

கதவு சாத்திக்கொண்டது.

ஹால்வார் இரண்டாவது கோப்பையை அலமாரியில் வைத்துவிட்டு, ஜன்னலோரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

அன்று நகராட்சியில் அவர் பேசி முடித்ததும் கூட்டமே எழுந்து கைதட்டியது.