கசற் ஐயா

"மெள்ள மிதியுங்கோ! குறிப்பெழுத ஏலாமல் கிடக்கு."

மீனலோசனி சொன்னபடியே தியாகலிங்கம் மெள்ள மிதித்தான். போரில் மின்சாரமும் நின்று, நெடுந்தீவுக் கடைகளில் பற்றரியைக் கண்ணால் காண முடியாத நேரம். ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளை அவன் மிதிக்க வேண்டும், டைனமோ சுற்ற வேண்டும், அப்போதுதான் ரேப் ரெக்கோடரில் கசற் வாய் திறக்கும். பெண்சாதியின் வெளிவாரிப் பட்டப் படிப்பு இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் யாரோ பதிவுசெய்த விரிவுரைகள். பிரதிக்கு மேல் பிரதியாகி வள்ளத்தில் வந்தவை. பேசியவரின் பெயர்கூட அவற்றில் இல்லை.

"விளங்கிச்சுதோ பிள்ளையள்?" என்று கசற்றுக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல் ஆறுதலாக இழுத்துக் கேட்டது.

"விளங்கிச்சுது ஐயா," என்றாள் மீனலோசனி, ஆள் முன்னால் இருப்பதுபோல. "என்ன கம்பீரமான குரலப்பா! ஐயா ஆறடி இருப்பார்."

தியாகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் நோக மிதிக்கிறவன் ஒருத்தன், புகழ்ச்சி இன்னொருத்தனுக்கோ? மனம் விட்டுப்போக மிதியும் தளர்ந்தது. அந்தப் பாழாய்ப்போன ஐயாவோ இன்னும் கம்பீரமாகப் பேசினார்.

"ஞாயிற்றுக்கிழமை வேலணையில கருத்தரங்கு. எங்கட கசற் ஐயாவே நேரில வாறாராம்," என்றாள்.

"நீர் போகத் தேவையில்லை."

"போனமுறை பொருளியலில கோட்டை விட்டனான். இந்தமுறையும் விட்டால் பட்டம் இல்லை. உங்களுக்குத் தெரியாதே?"

"அதுக்குக் கசற் போதும்."

அவள் கொப்பியை மூடினாள். அதற்குப் பிறகு கசற்றைத் தொடவேயில்லை. சைக்கிள் சும்மா நின்றது. வாடிய அந்த முகத்தை அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆரோ ஒருத்தனின் குரலுக்காக இவளின் பட்டத்தைக் கெடுப்பதா?

ஞாயிறு காலை, "வெளிக்கிடும், நானும் வாறன்," என்றான். ஐயாவை ஒருக்கால் பார்த்துவிடவேண்டும் என்பதும் உள்ளே இருந்தது.

வள்ளமேறி, பஸ் பிடித்து, வேலணைப் பள்ளிக்கூடத்தின் கடைசி வரிசை வாங்கில் போய் இருந்தார்கள். மீனலோசனி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். அதையும் அவன் கவனித்தான்.

மெலிந்த பெண் ஒருத்தி உள்ளே வந்தாள். வரவு எடுக்க வந்த பிள்ளையாக்கும் என்று நினைத்தான். அவள் கரும்பலகையில் 'சறோஜினிதேவி' என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"என்ர கசற்றெல்லாம் கேட்டனீங்களோ? விளங்கிச்சுதோ பிள்ளையள்?" குருவிக் குரல், படபடவென்று கொட்டியது.

தியாகலிங்கம் திறந்த வாயை மூடவில்லை. மீனலோசனி சிரிப்பை அடக்க முடியாமல் அவன் காதுக்குள் குனிந்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் மெள்ள மிதிச்சதிலதான் இவ ஐயாவாகியிருக்கிறா. இவ்வளவு நாளும் நான் மயங்கினது உங்கட மிதியிலயெல்லோ!"