காம்போதிச் சண்டை

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாளாவது அவரோட மல்லுக்கட்டாதீங்க."

ரகுபதியை வாசலிலேயே நிறுத்திக் கேட்டுக்கொண்டாள் அந்தோணிமேரி.

ரகுபதி தபால் ஆபீஸ் குமாஸ்தா. துணியில் சுற்றிய இசைத்தட்டை மார்போடு அணைத்தபடி உள்ளே போனார். மணிமங்கலத்திலிருந்து சேரப்பணஞ்சேரி வரை வெயிலில் சைக்கிள் மிதித்ததில் சட்டை நனைந்திருந்தது.

கட்டிலில் அவள் புருஷன் பெரியநாயகம் வாத்தியார். மெட்ராஸ் ஆஸ்பத்திரியிலிருந்து வியாழக்கிழமைதான் வீடு திரும்பியிருந்தார்.

"இனிமே வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்கம்மா" என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் அதை வாத்தியாரிடம் சொல்லவில்லை. வயிற்றுப் புண் ஆறி வருகிறது என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மை தெரிந்தவர்கள் வெளியில் இரண்டே பேர். ரகுபதி ஒருவர், பரசுராமன் ஒருவர்.

பதினெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாத்தியாரின் கிராமபோன் முன்னால் கூடுகிறவர்கள் அவர்கள். ஒரே காம்போதி ராகக் கீர்த்தனையைப் பாடகி கோமளவல்லியும் இசைத்தட்டில் பாடியிருந்தார், பூவனூர் சங்கரனும் பாடியிருந்தார். வாத்தியாருக்குக் கோமளவல்லிதான். மற்ற இருவருக்கும் சங்கரன். யார் ஒசத்தி என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை.

நேற்றுப் பரசுராமன் வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். "யோசிச்சுப் பாத்தேன் வாத்தியாரே. கோமளவல்லிதான் ஒசத்தி" என்றார்.

எவ்வளவு நல்ல மனசு என்று அந்தோணிமேரிக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சியும் வேண்டாமென்றுவிட்டார்.

இன்று ரகுபதி சாவி கொடுத்து இரண்டு தட்டுகளையும் போட்டார். முதலில் சங்கரன், பிறகு கோமளவல்லி. பாட்டு முடிந்தது.

"மேல போய் நின்னாளே..." வாத்தியாரின் குரல் காற்றாக வந்தது. "அந்தக் கார்வை உன் சங்கரனுக்கு வருமாய்யா?"

அந்தோணிமேரி கதவருகிலிருந்து ரகுபதியைக் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள்.

"நிக்கறதா அது? தடுமாறிகினு கீது வாத்தியாரே" என்றார் ரகுபதி.

"தடுமாறுதா? உன் ஆளு ரயிலைப் பிடிக்கப் போறவன் மாதிரி ஓடறான்!"

"தட்டுக்கு ஒரு பக்கம் மூணரை நிமிஷம். அதுக்குள்ள ராகத்த முழுசாக் கொண்டாந்து நிறுத்துறான் பாருங்க, அவன் வித்வான். உங்க கோமளவல்லி நின்னு மூச்சு வாங்கறதுக்குள்ள தட்டே தீந்துபூடுது."

"உனக்குக் காதே இல்லய்யா!" வாத்தியார் முழங்கையை ஊன்றி எழுந்தார். இருமல் வந்தது.

"நீங்க எவ்வளவு கத்தினாலும் சங்கரன் சங்கரன்தான்."

"போதும்ணே!" என்று அலறிவிட்டாள் அந்தோணிமேரி.

ரகுபதி தன் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். "வர்ற ஞாயித்துக்கிழமை வாய்யா, உன்னப் பேசிக்கிறேன்!" என்று முதுகுக்குப் பின்னால் வாத்தியார் கத்தினார்.

அவள் வேலி வரைக்கும் துரத்திக்கொண்டு போனாள்.

"இன்னா மனுஷன் நீங்க? பரசுராமன் அண்ணனுக்கு இருக்கற ஈரம் உங்களுக்கு இல்லியா? சாகப்போறவர்கிட்ட ஒரு வார்த்த விட்டுக்குடுத்தா இன்னா கொறஞ்சுடும்?"

ரகுபதி சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தள்ளினார். இரண்டு முறை தவறியது. நிமிராமலே பேசினார்.

"கோமளவல்லிதான் ஒசத்தி தங்கச்சி, எனக்குத் தெரியாதா? ஆனா பதினெட்டு வருஷமா ஒத்துக்காதவன் இன்னைக்கு ஒத்துக்கினா, நீ மறைச்சு வெச்சிருக்கறத அவருக்கு நானே சொன்ன மாதிரி ஆயிடும்."