ஆந்தைக் கூண்டு

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வெயில் சாய்கிறது. ஓலை இடுக்கில் நுழையும் வெளிச்சம், ஏணியின் மேல்படியில் நிற்பவளின் கழுத்தில் கீற்றுக் கீற்றாக விழுகிறது. பழக்குலைகளைக் கொறிக்கும் எலிகளுக்கு விஷம் வேண்டாம், ஆந்தைகளே பார்த்துக்கொள்ளும் என்று மேனேஜரிடம் மன்றாடி, கம்பம் நட்டு மரக்கூண்டுகள் வைத்த ஆராய்ச்சிக்காரி அவள். கூண்டின் கதவைத் திறக்கிறாள். தாய் ஆந்தை சிறகு விரிந்தபடி விறைத்துக் கிடக்கிறது. அலகோரம் ரத்தம் காய்ந்திருக்கிறது. விஷம் தின்ற எலியைத் தின்றிருக்கிறது. போனை எடுத்து மேனேஜரை அழைக்கிறாள்.

"சார், மறுபடியும் விஷம் வச்சீங்களா?"

"கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் வச்சோம்மா. மகசூல் குறைஞ்சா மேலிடத்துக்கு நான்தானே பதில் சொல்லணும்? ஒரு பறவைக்காக மனச போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் போனை வைத்துவிடுகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி பனைகள், ஒரே மாதிரி நிழல். கூப்பிட்டுச் சொல்லி அழக்கூட ஆளில்லை. அப்போது செத்த சிறகுக்கடியில் ஏதோ அசைகிறது. பஞ்சுப்பொதி போல இரண்டு குஞ்சுகள். மெல்லக் கையை நீட்டுகிறாள். ஒன்று சீறிப் பின்வாங்குகிறது. மற்றது அவள் விரலை இரையென்று நினைத்துக் கவ்விக்கொள்கிறது. சுருக்கென்று வலிக்கிறது. அவள் விரலை இழுத்துக்கொள்ளவில்லை.